அத்தையும் ஆறாம் மாடித் தும்பிக்கையும்

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புப் பலகையை மாட்டியவன் ஊசியின் கணவன்தான். 'தீ விபத்தின்போது லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்' என்று வெள்ளை எழுத்தில் போட்டிருக்கும். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த பதினான்கு வருஷத்தில் அதே மாதிரி எத்தனையோ பலகைகளை எத்தனையோ கட்டடங்களில் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறான். ஒரு நாளாவது நின்று படித்திருப்பானா என்றால் இல்லை. படித்தது அவன் அம்மா. ஆறாவது மாடிக்குக் குடிவந்த அன்றைக்கே, லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கையில், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"ஏண்டா, இதைப் பயன்படுத்தாதேன்னு போட்டிருக்கு. அப்போ எதைப் பயன்படுத்தணும்னு போடலையே?"

"படிக்கட்டும்மா."

"என் முட்டியைப் பார்த்துக்கிட்டே சொல்லு."

அவன் சிரித்தான். மருமகளும் கூடச் சிரித்தாள்.

மருமகளுக்கு வீட்டில் பெயர் ஊசி. மாமியார் வைத்த பெயர். ஆளும் மெலிசு, வாயும் கூர்மை, பார்ப்பதும் தையல் வேலை, வேறென்ன பெயர் வைப்பது என்பாள். கூடாரங்களும் லாரிப் படுதாக்களும் தைக்கிற பட்டறை ஒன்றில் ஊசிக்கு வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை, "என்ன, இன்னிக்கு யார் யாரோட சண்டை?" என்று ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்குப் பட்டறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் அத்தையிடம் கொட்டினால்தான் ஊசிக்கு அந்த நாள் முடியும். ஏழு வருஷமாக இப்படித்தான். கணவனிடமும் சொல்லலாம். ஆனால் அவன் பாதிக் கதையில், "அந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டாங்களா?" என்று கேட்பான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, இரண்டாவது மாடியின் மீட்டர் பெட்டியில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. ஆனால் புகை படிக்கட்டு வழியே மேலே ஏறிவிட்டது. லிஃப்ட் நின்றுவிட்டது. எல்லாரும் இருமிக்கொண்டே இறங்கி ஓடினார்கள். அன்று ஊசிக்கு விடுமுறை. அத்தைக்கு ஒரு முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது, இன்னொன்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தது. எண்பத்தெட்டு கிலோ உடம்பைத் தூக்கப் பார்த்து, ஊசி அவளோடு சேர்ந்து சோபாவில் விழுந்ததுதான் மிச்சம்.

"நீ ஓடுடி, என்னை விடு" என்றாள் அத்தை.

"வாயை மூடுங்க அத்தை" என்றாள் ஊசி. ஈரத் துண்டுகளை வாசற்கதவின் அடியில் திணித்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தீயணைப்புத் துறையின் ஏணி வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றதால் உள்ளே திரும்ப முடியவில்லை. வேலையிலிருந்து ஓடிவந்த மெக்கானிக்கைக் கீழேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை மேலேயிருந்து ஊசி பார்த்தாள். நாற்பது நிமிஷம். அப்புறம் தீ அணைந்தது, புகை போனது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை சொன்னாள்: "நான் உன் அக்கா வீட்டுக்குப் போறேன்டா. தரை வீடு. அவ வீட்டு மராமத்து முடியட்டும், அப்புறம் டிக்கெட் போடு."

"இங்க என்ன குறை?" என்றான் மகன்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்காக இவ உட்கார்ந்தா பாரு, அதான் எனக்கு ஆகல. ராத்திரி படுத்தா அதுதான் கண்ணுல நிக்குது. இன்னொரு தடவை தீப்பிடிச்சா இவ மறுபடியும் உட்காருவா. சொன்னாக் கேக்கவா போறா?"

ஊசி அழுதாள், சண்டை போட்டாள், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். கடைசியில் அத்தை ஒரே ஒரு வாக்குக் கொடுத்தாள்: "யாரும் என்னைத் தூக்காம, நானா இந்த ஆறு மாடி இறங்குறதுக்கு ஒரு வழி காட்டுங்க. இருக்கேன்."

வழி ஊசியின் பட்டறையிலேயே இருந்தது. பட்டறை முதல் மாடியில். தைத்து முடித்த மூட்டைகளைக் கீழே நிற்கும் லாரிக்கு அனுப்ப ஜன்னலிலிருந்து ஒரு துணிக்குழாய் தொங்கும். மேலே போட்டால் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். போடுவதற்கு முன்னால் மேலே நிற்பவர், "சாக்கு!" என்றோ "பிளாஸ்டிக்!" என்றோ ஒரு குரல் கொடுப்பார். சாக்கில் கட்டிய மூட்டை என்றால் மெதுவாக வரும், கீழே இருப்பவர் பீடியை அணைத்துவிட்டு வந்துகூடப் பிடிக்கலாம். பிளாஸ்டிக் தாளில் சுற்றியது என்றால் சர்ரென்று வந்து நெஞ்சில் இடிக்கும். ஏழு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு ஊசியின் காதுக்கு அது மெஷின் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"மூட்டை போகுது, மனுஷன் போக மாட்டானா?" என்று அவள் கேட்டாள். அன்று இரவே மெக்கானிக் படம் வரைந்துவிட்டான்.

மூன்று அடுக்குத் துணி. வெளியே தீப்பிடிக்காத கனத்த துணி. நடுவில் இழுத்தால் நீளும் எலாஸ்டிக் துணி, இறங்குகிறவரின் உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைப்பதற்கு. உள்ளே வழுவழுப்பான கூடாரத் துணி. ஜன்னலில் பொருத்த ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தைத் திறந்து வெளியே தள்ளினால் மடிப்பு மடிப்பாக இருக்கும் குழாய் தானாக அவிழ்ந்து தரைவரை தொங்கும். காலை உள்ளே விட்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் இறங்கலாம். முழங்கையை அகட்டினால் நிற்கலாம். கீழ்வீட்டுப் பிள்ளைகள் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தைப்பதற்கு ஒரு மாதம் ஆனது. பட்டறை முதலாளி மீந்த துணியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், மெஷினை மட்டும் வேலை நேரம் முடிந்தபின் தொடச் சொன்னார். ஒவ்வொரு மூட்டுக்கும் நான்கு வரிசைத் தையல். கனத்த துணியைத் தள்ளித் தள்ளி ஊசியின் கட்டைவிரல் வீங்கிப்போனது. மெக்கானிக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணியின் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர்கள் அத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

"இப்படித்தான் உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப உட்கார வச்சிருக்கணும்" என்றான் ஒரு நாள்.

"வச்சிருந்தா மாப்பிள்ளைக்கு நேராப் பிடிக்கத் தெரியலைன்னு அப்பவே சொல்லியிருப்பேன். துணி கோணுது பாருங்க."

பரிசோதனைக்கு இடமும் கிடைத்தது. அவன் கம்பெனி லிஃப்ட் போடவேண்டிய ஆறு மாடிக் கட்டடம் ஒன்று பாதி வேலையில் நின்றிருந்தது. முதலில் மணல் மூட்டைகள் இறங்கின. பிறகு மெக்கானிக் இறங்கினான். பிறகு அவனோடு வேலை பார்க்கும் ஸ்பேனர். சட்டைப் பையில் எப்போதும் ஸ்பேனர் வைத்திருப்பதால் அந்தப் பெயர், நாற்பது வயதுக்காரன், எதற்கும் பயப்படாதவன். இடுப்பில் பாதுகாப்புக் கயிறும் கீழே வலையும் உண்டு. ஸ்பேனர் ஒரே நாளில் பன்னிரண்டு தடவை இறங்கினான். ஒவ்வொரு தடவையும் குழாயிலிருந்து வெளியே வந்ததும், முட்டிவரை ஏறியிருக்கும் பேண்ட்டை உதறி இறக்கிவிட்டுக்கொண்டு, "அடுத்தது!" என்பான். ஊசியும் கம்பெனி உடுப்பு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினாள். எல்லாருக்கும் பத்து நொடி. கூடினால் பதினொன்று.

அத்தையை ஒரு நாள் டாக்ஸியில் கூட்டிவந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டினார்கள். அவள் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்த்தாள். அத்தை ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தது அந்தக் குடும்ப வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இருக்கு."

"நீங்க எப்போ இறங்குறீங்க?"

"பார்ப்போம். முட்டி வலி குறையட்டும்."

மறு வாரம் முட்டி வலி குறைந்தது, ரத்த அழுத்தம் கூடியது. அதற்கு மறு வாரம் ரத்த அழுத்தம் குறைந்தது, மேகம் போட்டது. நாத்தனார் வீட்டு மராமத்தும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொன்னாள் அத்தை. பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

இதற்கு நடுவில் தீயணைப்பு நிலைய அதிகாரி பரிசோதனையைப் பார்க்க வந்தார். நரைத்த மீசை, கையில் ஒரு பழைய ஸ்டாப்வாட்ச். அதிகம் பேசாதவர். தன்னோடு மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார். முதலில் ஒரு மெலிந்த இளைஞர், விளையாட்டு மைதானத்திலிருந்து நேராக வந்தவர், பளபளக்கும் ஜெர்ஸியும் கால்சட்டையுமாக இறங்கினார். ஐந்து நொடியில் வலையில் வந்து விழுந்தார். அடுத்து ஒரு தடித்த வீரர், முழுத் தீயணைப்பு உடுப்பில். அவர் வந்து சேர இருபத்துமூன்று நொடி ஆனது. நடுவில் ஒரு தடவை நின்றே போனார். மூன்றாமவர் பதினான்கு.

அதிகாரி ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தையல் முதல் தரம். ஆனா ஒருத்தர் அஞ்சு, ஒருத்தர் இருபத்துமூணுன்னா, பின்னாடி வர்றவர் முன்னாடி போனவர் தலைமேல வந்து உட்காருவார். எல்லாரும் ஒரே மாதிரி இறங்கணும். சனிக்கிழமை உங்க கட்டடத்துலயே வச்சுக்கலாம். அங்க குடியிருக்கிறவங்கதான் இறங்கணும், எங்க ஆளுங்க இல்ல."

"எடைதான் சார் காரணம்" என்றான் மெக்கானிக். "ஒல்லியா இருக்கிறவரை எலாஸ்டிக் சரியாப் பிடிக்கல, தடியா இருக்கிறவரை ரொம்பப் பிடிக்குது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஊசி எலாஸ்டிக் அடுக்கு முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தாள். ஸ்பேனர் இறங்கினான், பத்து நொடி. அவன் மனைவி பருத்திச் சுடிதாரில் வந்தாள், அவனைவிட ஒல்லி, ஆனால் பத்தொன்பது நொடி ஆனது. மெக்கானிக் தலையைச் சொறிந்தான். இன்னொரு தடவை பிரித்துத் தைக்கலாம் என்றான்.

"மூணாவது தடவையா? என் விரலைப் பிரிச்சுத் தைங்க முதல்ல" என்று கட்டைவிரலைக் காட்டினாள் ஊசி. "எடை இல்லீங்க. வேற என்னமோ."

"வேற என்ன? கணக்குப்படி எடைதான்."

"அப்போ கணக்கையே ஞாயித்துக்கிழமை ரயில் ஏத்தி விடுங்க, அத்தை இங்க இருக்கட்டும்."

அவனுக்கும் அம்மா போவது பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே குத்தியதற்காக அப்புறம் போய் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் அவளுடைய வீங்கிய விரலை எடுத்து ஊதினான், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல.

வெள்ளிக்கிழமை காலை. அத்தை பெட்டியில் கடைசி அடுக்கை வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பட்டறைக்குக் கிளம்பும்முன் கம்பெனி உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள்.

"இருக்கிறதிலேயே பெரிய சைஸ் அத்தை. நாளைக்கு இதை மாட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை இறங்குங்க. எனக்காக."

அத்தை அந்தப் பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். "நெருப்பு வந்து கதவைத் தட்டும்போது, 'இரு, பேண்ட் மாட்டிக்கிட்டு வர்றேன்'னு சொல்லணுமா?"

"விளையாடாதீங்க."

"நான் எங்கடி விளையாடுறேன்? வீட்டுல நான் எப்பப் பேண்ட் போட்டிருக்கேன்? நீதான் எப்பப் போட்டிருக்கே?" என்று சொல்லிவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. அது கோபம் இல்லை என்று மட்டும் ஊசிக்குப் புரிந்தது. என்னவென்று புரியவில்லை.

வழியெல்லாம் அந்தச் சிவந்த காதே கண்ணில் நின்றது. பட்டறைக்குப் போகாமல் பாதியில் நின்ற கட்டடத்துக்குப் போனாள். அங்கே மெக்கானிக்கும் ஸ்பேனரும் குழாயை நாளைக்காகக் கழற்ற வந்திருந்தார்கள்.

"கழட்டாதீங்க. நான் ஒரு தடவை இறங்கணும்" என்றாள். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு நைட்டி வாங்கி, காவல்காரர் அறையில் மாற்றிக்கொண்டு வந்தாள். நல்ல வேளையாக அடியில் ஓர் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"இது என்ன கோலம்?" என்றான் கணவன்.

"வீட்டுல இருக்கிற கோலம்."

கயிற்றைக் கட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டாள். கைகளைத் தூக்கினாள். ஒரு மாடி தாண்டுவதற்குள் நைட்டி மேலேறத் தொடங்கிவிட்டது. முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அதைப் பிடிக்கக் கையை இறக்கினாள், உடனே முழங்கை இடித்து நின்றுவிட்டாள். மறுபடி கையைத் தூக்கினால் நைட்டி கழுத்துக்கு வந்தது. வெறும் முட்டி துணியில் உரசிக்கொண்டே போய் எரிந்தது. கடைசியில் அவள் வலையில் வந்து இறங்கியபோது நைட்டி முழுவதும் தலையைச் சுற்றிக்கொண்டு, மூட்டை கட்டின மாதிரி இருந்தாள்.

நைட்டியைப் பிடித்து இழுத்துக் கண்ணைத் திறந்தால், ஸ்பேனர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். ஆறு மாடிக் கட்டடத்தில் ஒரு சுவரை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊசிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் அழுகை வந்துவிட்டது. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை நினைவுக்கு வந்தாள். ஸ்பேனர் ஒவ்வொரு தடவையும் பேண்ட்டை உதறி இறக்கிவிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். பேண்ட்டே முட்டிவரை ஏறினால் தன் கதி என்ன என்று பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். அறுபத்தாறு வயதில், தெருவே கூடி நிற்க, மகனும் மகனின் சிநேகிதனும் அதிகாரியும் பார்க்க. எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

"அத்தை உயரத்துக்குப் பயந்து தள்ளிப்போடலீங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாமெல்லாம் உங்க கம்பெனி உடுப்புலயே இறங்கி இறங்கி, உலகத்துல எல்லாரும் பேண்ட் போட்டிருக்காங்கன்னு நினைச்சுட்டோம்."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். "இருபத்தாறு நொடி" என்றான். "உனக்கு. ஐம்பது கிலோகூட இல்லாத உனக்கு."

ஊசிக்கு எங்கேயோ ஒரு குரல் கேட்டது. பட்டறைக் குரல். சாக்கு! பிளாஸ்டிக்!

"ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "எடை இல்லீங்க! துணி! ஜெர்ஸி போட்டவர் பிளாஸ்டிக் மூட்டை. தீயணைப்புக் கோட்டு போட்டவர் சாக்கு மூட்டை. நான் வெறும் தோல். ஸ்பேனர் அண்ணனும் நீங்களும் ஒரே உடுப்பு, அதனால ஒரே நொடி. ஏழு வருஷமா தினமும் என் காதுகிட்டக் கத்துறாங்க, எனக்கு உறைக்கல பாருங்க!"

"அதுக்காக ஆளுக்கு ஒரு உடுப்பு கொடுக்க முடியுமா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான் ஸ்பேனர்.

"உடுப்பு வேண்டாம் அண்ணே. சாக்கு போதும். நீங்க திரும்பலாம், நான் ஒழுங்காத்தான் இருக்கேன்."

பட்டறைக்கு ஓடினாள். கூடாரத்துக்கு வெட்டியதில் மஞ்சள் துணி ஒரு சுருள் மீந்து கிடந்தது. முதலாளியிடம் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெஷின் சும்மாதானே நிக்குது, உட்காரு" என்றார். வேலை நேரத்தில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மதியத்துக்குள் சாக்கு தயாரானது. அடியில் மூடிய பை. காலை உள்ளே விட்டு மார்புவரை இழுத்து, அக்குளுக்குக் கீழே நாடாவை இறுக்க வேண்டும். தோளில் இரண்டு பட்டை, நழுவாமலிருக்க. உள்ளே நைட்டி இருந்தாலும் கோட்டு இருந்தாலும் குழாய்க்குத் தெரியப்போவது மஞ்சள் துணி ஒன்றுதான். மெக்கானிக் அதை மாட்டிக்கொண்டு இறங்கினான், பதினொரு நொடி. ஸ்பேனர் பதினொன்று. ஸ்பேனரின் மனைவி வீட்டுப் பாவாடையோடு வந்தாள், அவளும் பதினொன்று. நைட்டியோடு ஊசி, பதினொன்று. வெளியே வந்தபோது நைட்டி கணுக்காலில் அப்படியே இருந்தது.

மெக்கானிக் தன் கணக்கு நோட்டில் எடைப் பக்கத்தை மொத்தமாகக் கோடு போட்டு அடித்தான். "எங்க கம்பெனிக்கு உன்னை மாதிரி ஒரு ஆள் வேணும்" என்றான்.

"எண்ணெய் போடவா?"

இன்னும் நான்கு சாக்கு தைத்து முடித்து, மாலையில் ஒன்றோடு வந்து, அத்தையின் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஊசி அவள் எதிரில் உட்கார்ந்தாள். முட்டியில் தோல் உரிந்த இடத்தைக் காட்டினாள். நடந்ததை, தலையில் சுற்றிய நைட்டி உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸ்பேனர் சுவரைப் பார்த்த இடம் வந்ததும் அத்தையின் தோள்கள் குலுங்கின. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? 'உயிர் போற நேரத்துல இதெல்லாமா பார்ப்பாங்க'ன்னு சொல்லியிருப்பீங்க." அத்தை சாக்கின் நாடாவை இழுத்துப் பார்த்தாள். "பார்ப்பாங்கடி. அந்த ஒரு நொடி யோசிச்சு நிப்பாங்க. அந்த ஒரு நொடியிலதான் எல்லாம் போகும்."

ஊசி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு இறங்குவீங்களா?"

"காலையில சொல்றேன்" என்றாள் அத்தை. ஆனால் சாக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். தெரு முழுக்கக் கூட்டம். ஜன்னல்களிலெல்லாம் தலைகள். ஆறாவது மாடிக் கூடத்தின் ஜன்னலில் சட்டத்தைப் பொருத்தி, குழாயைக் கீழே இறக்கியாயிற்று. மெக்கானிக் கீழே வலையருகில். ஊசியும் ஸ்பேனரும் மேலே. முதலில் நான்காவது மாடி வாத்தியார் இறங்கினார், பிறகு எதிர்வீட்டு நர்ஸ். பதினொன்று, பன்னிரண்டு. கைதட்டல் மேலேவரை கேட்டது.

அத்தை தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். பூப்போட்ட பழைய நைட்டி, அதன்மேல் மார்புவரை மஞ்சள் சாக்கு. தத்தித் தத்தி வந்தாள்.

"யாரும் சிரிக்கக் கூடாது" என்றாள். ஸ்பேனர் பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பினான். "நீ திரும்பலாம்டா, இதுல ஒண்ணும் தெரியாது" என்றாள்.

படிபோல் போட்டிருந்த பெட்டியில் ஏறி, சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஊசி அவள் இடுப்புக் கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். நாடாவை மறுபடி இறுக்கினாள். ஒவ்வொரு தையலும் தன் கையால் போட்டது என்பதே இப்போது பயமாக இருந்தது.

"தையல் நிக்கும்தானேடி?"

"லாரியே தொங்கும் அத்தை."

"சரி, லாரி கிளம்புது" என்று சொல்லிவிட்டு, அத்தை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். அடுத்த நொடி சட்டத்தில் அவள் இல்லை.

ஊசி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். குழாயில் ஒரு வீக்கம் மெல்ல இறங்கியது. ஐந்தாவது மாடி, நான்காவது மாடி. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நேராக வந்ததும் நின்றது.

ஒரு நொடி. இரண்டு. கீழே கூட்டத்தின் சத்தம் அடங்கிவிட்டது. அண்ணாந்து நின்ற மெக்கானிக்கின் முகம் ஊசிக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தீயின்போது கீழே நின்ற அதே முகம்.

"அத்தை!" என்று குழாயின் வாயில் குனிந்து கத்தினாள். "அத்தை! கையைத் தூக்குங்க! முட்டி வலிக்குதா? அத்தை!"

கீழேயிருந்து, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது.

"கத்தாதேடி. பிரேக் பிடிக்குதான்னு பார்த்தேன். பிடிக்குது."

மூன்றாவது மாடி ஜன்னலில் நின்ற பெண்மணி குழாயைப் பார்த்து, "பெரியம்மா, நீங்களா?" என்றாள்.

"நான்தான். உன் பையன் பரீட்சை எப்படி எழுதியிருக்கான்?"

"நல்லா எழுதியிருக்கான் பெரியம்மா."

"நல்லது. வரட்டுமா?" என்றது குழாய். வீக்கம் நகர்ந்தது. இரண்டாவது மாடி, முதல் மாடி, வலை. மஞ்சள் சாக்கோடு அத்தை வெளியே வந்து உட்கார்ந்தாள். தெருவே ஆரவாரம் செய்தது. ஊசி வேறு யாரையும் கேட்கவில்லை. அடுத்த சாக்கை மாட்டிக்கொண்டு, கைகளைத் தூக்கி, தானும் குதித்துவிட்டாள். தான் தைத்த தையலெல்லாம் முகத்துக்கு நேரே மேலே ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்து வலையில் இறங்கினாள். எழுந்திருக்கக்கூட இல்லை. தவழ்ந்து போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி ஸ்டாப்வாட்சோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை, மீசையில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

"இருபத்தெட்டு நொடி. அதுல பதினேழு நொடி பேச்சு. கழிச்சா பதினொண்ணு." நோட்டில் எழுதினார். "ஆறு மாசத்துக்கு இந்தக் கட்டடத்துல வச்சுப் பார்க்கலாம். மாசம் ஒரு ஒத்திகை. முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். யார் யார் வீட்டுல எந்த உடுப்புல இருக்காங்களோ அப்படியே இறங்கணும். அதுக்கப்புறம் மத்த கட்டடங்களைப் பத்திப் பேசுவோம்." அத்தையிடம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"

"இதுல ஒரு பாக்கெட் இல்ல" என்றாள் அத்தை, சாக்கைத் தட்டிக் காட்டி. "மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும் எங்க வைக்கிறது? மேலேயே விட்டுட்டு வந்துட்டேன். நீங்க யாருன்னே எனக்குச் சரியாத் தெரியல."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

லிஃப்ட்டில் மேலே போகும்போது மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். மெக்கானிக் அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தான். ஊசிதான் கேட்டாள், மெதுவாக, பதிலுக்குப் பயந்துகொண்டே.

"நாளைக்கு ரயில்?"

"டிக்கெட் போட்டாச்சு இல்ல, போய்ட்டு வர்றேன்."

ஊசியின் முகம் விழுந்தது.

"ஏய், போய்ட்டு வர்றேன்னுதானே சொன்னேன்? பத்து நாள். டேய், திரும்பறதுக்கும் டிக்கெட் போடு, ஒத்திகை மாசம் ஒண்ணு இருக்கு, நான் இல்லாம நடத்திடப் போறீங்க." அத்தை சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இதை எடுத்துட்டுப் போறேன். நீ எனக்கு வேற ஒண்ணு தை, பாக்கெட் வச்சு."

"அங்கதான் தரை வீடாச்சே அத்தை, அங்க எதுக்கு சாக்கு?"

"பக்கத்து வீடு ரெண்டு மாடி" என்றாள் அத்தை. "அங்கயும் ஒருத்தி நைட்டி போட்டுக்கிட்டு இருப்பா இல்ல?"